மின்சாரக் காரில் தோட்டத்துக்குப் போய் வரலாமா? சார்ஜ் செய்வதிலும் டோவ் செய்வதிலும் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூர்: தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வடக்கு நோக்கிச் செல்லும் பிளஸ் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னிருக்கையில் பாட்டி, பூட் நிறைய பலகாரத் தகரங்கள், நகராத கார் வரிசை. அந்த வரிசையில் இப்போது மின்சாரக் கார்களும் நிற்கின்றன. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்திய பிறகு, மின்சாரக் கார் என்றால் பணக்காரர் வாகனம் என்ற பேச்சு குறைந்துவிட்டது. தாமான் வீடுகளிலும் அது வந்து நிற்கிறது.

கார் வாங்கும்போது மாதத் தவணை எவ்வளவு, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மா வீட்டு பிளக்கில் சார்ஜ் போடலாமா, வழியில் நின்றுபோனால் எந்த டோவ் லாரியைக் கூப்பிடுவது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு. முதல் கேள்வியில் தவறினால் வீட்டு வயரிங் கருகலாம். இரண்டாவதில் தவறினால் தவணை முடியாத காரின் மோட்டார் பழுதாகலாம்.

முதலில் கணக்கு

பெட்ரோலை லிட்டரில் அளப்பதுபோல மின்சாரத்தைக் கிலோவாட் மணியில் அளக்கிறோம். தெனாகா நேஷனல் பில்லில் நாம் பார்க்கும் ஒரு யூனிட் அதுதான். காரின் பேட்டரி 60 கிலோவாட் மணி என்றால், அதில் 60 யூனிட் மின்சாரம் அடங்கும்.

கிலோவாட் என்பது வேறு. அது மின்சாரம் ஏறும் வேகம். 2 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் 2 யூனிட்; 100 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் 100 யூனிட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒரு நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், நான்கு பேரும் சாமானும் ஏர்கோனும் சேர்ந்தால் 17 யூனிட் அல்லது அதற்கு மேலும் ஆகும். பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில்தான் சிக்கனம். மின்சாரக் கார் அதற்கு நேர்மாறு. வேகம் கூடக்கூடச் செலவும் கூடும். எனவே, விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. அதில் கால் பங்கைக் கழித்துக் கணக்குப் போடுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்றால் 39 யூனிட் தேவை. 60 யூனிட் பேட்டரியை முழுதாக நிரப்பிப் புறப்பட்டால் ஊர் போய்ச் சேரும்போது 21 யூனிட், அதாவது 35 விழுக்காடு மிச்சமிருக்கும். 80 விழுக்காட்டோடு புறப்பட்டால் 15 விழுக்காடுதான் மிஞ்சும். போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அங்கே தோட்டத்தில் சார்ஜர் இல்லை. அடுத்த நாள் காலையில் கோயிலுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போக வேண்டுமே? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று முள் பிளக்: எது சரி, எது ஆபத்து

பல மின்சாரக் கார்களுக்குச் சாதாரண 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்கில் மாட்டும் கையடக்க சார்ஜர் உண்டு. சில நிறுவனங்கள் காரோடு தருகின்றன; சில தனியாக விற்கின்றன. அது பொதுவாக 2 கிலோவாட் அளவில் மின்சாரம் ஏற்றும். இரவு 9 மணிக்கு மாட்டி காலை 7 மணிக்குக் கழற்றினால் 10 மணி நேரத்தில் 20 யூனிட். வழியில் வீணாவது போக 17 அல்லது 18 யூனிட் பேட்டரிக்குள் போகும். அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடப் போதும். இரண்டு இரவு தங்கினால் ஊர் திரும்பத் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும்.

சிக்கல் வீட்டு வயரிங்கில்தான். ரைஸ் குக்கர் அரை மணி நேரம் வேலை செய்து அணைந்துவிடும். கார் 10 மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும். பழைய லயத்து வீடுகளிலும் பழைய மலிவு வீடுகளிலும் ஒரே வயரில் ஐஸ் பெட்டி, வாஷிங் மெஷின், மின்விசிறி எல்லாம் ஓடும். பிளக்கின் உள்ளே திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது நடக்கும் என்பதுதான் பயம்.

மாட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இவை:

பிளக்கின் முகப்பில் கருகிய தடம், விரிசல், ஆட்டம் இருந்தால் அதில் மாட்டக்கூடாது.

எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் மோசம். சுருளுக்குள் சூடு தங்கிவிடும். சன்னல் வழியாக இழுத்து வந்து மழையில் கிடக்கவிடும் பழக்கமும் ஆபத்து.

மாட்டி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

பல கார்களில் திரையிலேயே ஆம்பியரைக் குறைக்கலாம். 10 ஆம்பியரை 8 அல்லது 6 என்று வைத்தால் மெதுவாக ஏறும். ஆனால் பழைய வயர் தாங்கும்.

வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் அந்த வீட்டில் காரை மாட்டக்கூடாது. கார் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி ஏற்ற மறுத்தால், எர்த் வயர் சரியில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். அது சார்ஜரின் கோளாறு அல்ல, வீட்டைப் பற்றிய எச்சரிக்கை.

லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து என்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. இன்னொன்றும் உண்டு. 20 யூனிட் என்பது ஓர் இரவுக்கு 9 வெள்ளி அளவில் பில்லில் ஏறும். மகன் கேட்டால் அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமலேயே கொடுத்துவிடுவது நல்லது.

வயரிங் மேல் நம்பிக்கை இல்லையென்றால் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே ஈப்போ போன்ற நகரத்தில் ஒரு விரைவு சார்ஜரில் 20, 30 நிமிடம் நின்று ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சொந்த வீட்டில் சார்ஜர் பொருத்துவது

தினமும் ஓட்டுபவருக்கு மூன்று முள் பிளக் நிரந்தர வழி அல்ல. சுவரில் பொருத்தும் சார்ஜர்தான் சரி. ஒற்றை ஃபேஸ் மின்சாரம் உள்ள வீட்டில் 32 ஆம்பியர் சார்ஜர் 7 கிலோவாட் வேகத்தில் ஏற்றும். 60 யூனிட் பேட்டரி ஓர் இரவில் நிரம்பும். மூன்று ஃபேஸ் வீட்டில் 11 அல்லது 22 கிலோவாட் சார்ஜர் பொருத்தலாம். ஆனால் காருக்குள் இருக்கும் கருவி எவ்வளவு ஏற்றுக்கொள்ளுமோ அவ்வளவுதான் ஏறும். 7 கிலோவாட் வாங்கும் காருக்கு 22 கிலோவாட் சார்ஜர் வாங்கினால் பணம்தான் வீண்.

இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். தெரிந்த பையன், பக்கத்து வீட்டு அண்ணன் என்று விட்டுவிடக்கூடாது. வயர்மேன் வீட்டின் மொத்த மின்சுமையைக் கணக்கிட வேண்டும். இரண்டு ஏர்கோன், சுடுநீர்க் கருவி, கார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மெயின் சுவிட்ச் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சார்ஜருக்கெனத் தனி வயர், தனி பிரேக்கர், அதற்குரிய மின்கசிவுத் துண்டிப்பான் அவசியம். வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் காப்புறுதிக் கோரிக்கை வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

சொந்தப் பயன்பாட்டுக்குச் சார்ஜிங் வசதி வாங்கவும் பொருத்தவும் வாடகைக்கு எடுக்கவும் ஆகும் செலவுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரியில் கழிவு பெறலாம். 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை இந்தச் சலுகை உண்டு. ரசீதைத் தொலைத்துவிட்டால் சலுகையும் போய்விடும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு வேறு பாடு. கார் நிறுத்துமிடத்தின் சுவரும் வயர் போகும் வழியும் பொதுச் சொத்து. கூட்டு நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் அங்கே ஆணிகூட அடிக்க முடியாது. மூன்றாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடுவது சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் எதிரானது. கார் வாங்கத் திட்டமிடுபவர் முன்பணம் கட்டும் முன்பே நிர்வாகக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

உண்மையில் மிச்சமாகுமா?

இது வீட்டைப் பொறுத்தது. 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு உற்பத்தி, கொள்ளளவு, கட்டமைப்புக் கட்டணங்கள் சேர்ந்து ஒரு யூனிட் 44.43 சென் ஆகிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குச் சேதாரத்தோடு 200 யூனிட் தேவை என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 89 வெள்ளி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கத்தொகை கொடுக்கப்படுகிறது. 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென்னில் தொடங்கி, பயன்பாடு கூடக்கூட அது குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமல் போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். கார் வந்ததும் வீட்டின் மொத்தப் பயன்பாடு உயரும். எனவே பில் 89 வெள்ளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறலாம். அதில் வார நாள்களில் இரவு 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையும், வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் நாள் முழுவதும் கட்டணம் குறைவு. இரவு 10 மணிக்குப் பிறகு சார்ஜ் தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடலாம்.

அதே 1,200 கிலோமீட்டரை லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில் ஓட்டினால் 92 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் அது 184 வெள்ளி. வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு ஏறக்குறைய பாதி மிச்சம்.

வீட்டில் வசதி இல்லாமல் முழுக்க முழுக்கப் பொது விரைவு சார்ஜரையே நம்பினால் கதை மாறுகிறது. யூனிட் 1.50 வெள்ளி என்று வைத்தால் 180 யூனிட்டுக்கு 270 வெள்ளி. உதவித்தொகை பெட்ரோலைவிட அது கூடுதல். கடைக்காரர் சொல்லும் மிச்சம் வீட்டில் பிளக் உள்ளவருக்கே பொருந்தும். வாடகை பிளாட்டில் இருப்பவர் இதை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

வழியில் சார்ஜ் செய்வது

மலேசியாவில் இப்போது விற்கப்படும் மின்சாரக் கார்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் மெதுவாக ஏற்ற டைப் 2, விரைவாக ஏற்ற சிசிஎஸ் 2 என்ற பிளக்குகளே பொருந்தும். பழைய நிஸ்ஸான் லீஃப் போன்ற சில கார்களின் விரைவு பிளக் சாடெமோ வகை. அது எல்லா நிலையத்திலும் இருக்காது. பழைய கார் வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

நெடுஞ்சாலை ஓய்வுத் தளங்களிலும் தாப்பா, தங்காக் போன்ற இடங்களின் பெட்ரோல் நிலையங்களிலும் விரைவு சார்ஜர்கள் உள்ளன. கவனிக்க வேண்டியது, 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை வேகமாக ஏறும்; அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்கு ஆகும் நேரம் முதல் 70 விழுக்காட்டுக்கு ஆகும் நேரத்தை எட்டிவிடலாம். பின்னால் ஐந்து கார் காத்திருக்கும் பெருநாள் காலத்தில் 80 ஆனதும் கழற்றிக் கொடுப்பது பண்பு. சில நிலையங்களில் சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் அபராதம் ஏறும்.

ஒரே சார்ஜரில் இரண்டு கார் மாட்டினால் பல இடங்களில் வேகம் பங்கு பிரிந்துவிடும். 180 கிலோவாட் என்று பலகையில் எழுதியிருந்தாலும் 80 கிலோவாட் மட்டுமே வாங்கும் கார் அதற்கு மேல் வாங்காது.

பெரும்பாலான நிலையங்கள் கைப்பேசிச் செயலி மூலமே இயங்குகின்றன. ஒரே செயலியை நம்பிப் புறப்படக்கூடாது. இரண்டு மூன்று செயலிகளைப் பதிவிறக்கி, அட்டையை இணைத்து, வீட்டிலேயே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். லைன் கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டு கடவுச்சொல் தேடுவது கொடுமை. போக நினைக்கும் சார்ஜர் வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் செயலியில் பார்த்து, அது பழுதானால் அடுத்தது எது என்றும் முடிவு செய்துவிட வேண்டும். அந்த அடுத்த இடம் வரை போகும் அளவுக்குச் சார்ஜ் இருக்கும்போதே நிற்க வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே விடக்கூடாது என்பது நல்ல வழக்கம்.

மழை பெய்யும்போது சார்ஜ் செய்யலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முறையான சார்ஜரில் செய்யலாம். பிளக் சரியாகப் பூட்டிக்கொண்டு, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சோதித்த பிறகே மின்சாரம் பாயும். இடி மின்னல் பலமாக இருந்தால் காத்திருப்பது நல்லது. தரையில் வெள்ளம் நிற்கும் இடத்தில் மாட்டக்கூடாது.

கேமரன் மலை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏறும்போது சார்ஜ் கடகடவென்று இறங்கும், பயப்பட வேண்டாம். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். மலையுச்சியில் 100 விழுக்காடு நிரப்பிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லாமல் போகும். மோட்டார் பிடிப்பும் குறையும், சாதாரண பிரேக்குக்கு வேலை கூடும்.

பிளக் கழல மறுத்தால் இழுத்து உடைக்கக்கூடாது. செயலியில் சார்ஜை நிறுத்தி, காரின் கதவை ஒருமுறை பூட்டித் திறந்தால் பெரும்பாலும் விடுபடும். பல கார்களில் பூட்டின் உட்பக்கம் அவசர விடுவிப்புக் கயிறும் உண்டு.

நின்றுபோனால்: ஏன் எந்த டோவ் லாரியும் உதவாது

பெட்ரோல் கார் பழுதானால் கியரை நியூட்ரலில் போட்டு நாலு பேர் தள்ளுவோம். அல்லது முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு டோவ் லாரி இழுத்துப் போகும். மின்சாரக் காரில் இந்தப் பழக்கம் பெரும் நட்டத்தில் முடியலாம்.

காரணம் எளிது. மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது. சக்கரமும் மோட்டாரும் எப்போதும் பல்சக்கரத்தால் இணைந்தே இருக்கும். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால், சுற்றினால் அது டைனமோபோல மின்சாரம் உற்பத்தி செய்யும். கார் அணைந்து கிடக்கும்போது அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லை. சூடேறி மோட்டாரும் மின்மாற்றுக் கருவியும் கெடலாம். தவறாக இழுத்ததால் வந்த பழுது என்று தெரிந்தால் உத்தரவாதமும் கைவிட்டுவிடும்.

ஆகவே விதி ஒன்றுதான்: மோட்டார் இணைந்த சக்கரம் தரையில் உருளக்கூடாது. டெஸ்லா மோடல் 3-இன் ஆரம்ப விலை ரகம் பின் சக்கரத்தால் ஓடுவது. அதை முன்னால் தூக்கி இழுத்தால் மோட்டார் உள்ள பின் சக்கரம்தான் உருளும். இரண்டு மோட்டார் உள்ள காரில் நான்கு சக்கரமும் தரையைத் தொடக்கூடாது. புரோட்டோன் இ.மாஸ் 7 போன்றவை முன் சக்கரத்தால் ஓடுபவை. இவற்றிலும் காரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே முன்னால் தூக்கி இழுக்கலாம். எல்லாக் காருக்கும் பொருந்தும் பாதுகாப்பான வழி, காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டை லாரிதான்.

போன் செய்யும்போதே, "இது மின்சாரக் கார், காரை மேலே ஏற்றும் தட்டை லாரிதான் வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். காரின் மாடலையும், நிலத்தடிக் கார் பார்க்கில் இருந்தால் கூரை உயரத்தையும் சொல்ல வேண்டும். பெரிய லாரி உள்ளே நுழைய முடியாத இடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சின்ன உருளைத் தள்ளுவண்டி தேவைப்படும்.

கார் திறக்கவே இல்லை என்றால்

சார்ஜ் 60 விழுக்காடு இருந்தும் கார் செத்ததுபோல் கிடப்பதுண்டு. பெரிய பேட்டரி போக, பெட்ரோல் காரில் உள்ளதுபோல 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் மின்சாரக் காரில் உண்டு. கதவு, திரை, ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். அது தீர்ந்துபோனால் கதவு திறக்காது, நியூட்ரலுக்கும் மாறாது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறக்கும் வழி பல கார்களில் உண்டு.

இந்தச் சின்ன பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பலாம். கையேட்டில் காட்டிய இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக்கூடாது. அதில் ஓடுவது உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம். மின்சாரக் காரிலிருந்து மற்றவர் காருக்கு ஜம்ப் கொடுப்பதும் கூடாது. உதவி செய்யப் போய்ச் சொந்தக் காரின் கருவி கெட்டுவிடும்.

டோவ் லாரி ஓட்டும் நம்மவர்களுக்கு

கிள்ளான், காஜாங், ஈப்போ, சுங்கை பட்டாணி என எங்கும் டோவ் லாரி ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் உண்டு. இனி வரும் அழைப்புகளில் மின்சாரக் கார் கூடும். தவறாக இழுத்த ஒரு காரின் பழுதுச் செலவு பல மாதச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோய்விடும்.

ஏற்றும் முன் காரின் திரையில் டோவ் முறை அல்லது டிரான்ஸ்போர்ட் முறையைப் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி பெரும்பாலும் பூட்டுக்குள் இருக்கும். பம்பரில் உள்ள மூடியைக் கழற்றித் திருக வேண்டும். லாரி மேல் ஏற்றும் சிறு தூரத்துக்கு மட்டுமே அந்தக் கொக்கி. சாலையில் கயிறு கட்டி இழுக்க அல்ல.

காரின் அடிப்பாகம் முழுவதும் பேட்டரி. ஜாக்கியையோ சங்கிலியையோ அங்கே வைக்கக்கூடாது. கையேட்டில் குறித்த ஓரப் புள்ளிகளில் மட்டும் தூக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி வார் போட்டுக் கட்டுவதே சரி. அதே அளவு பெட்ரோல் காரைவிட இது சில நூறு கிலோ எடை கூடுதல் என்பதால் வின்ச்சின் தாங்கும் அளவையும் பார்க்க வேண்டும்.

விபத்துக்குள்ளான காரின் அடியிலிருந்து புகை, சீறும் சத்தம், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால் ஏற்றக்கூடாது. தள்ளி நின்று 999-ஐ அழைத்து, மின்சாரக் கார் என்று தீயணைப்பு மீட்புப் படையிடம் சொல்ல வேண்டும். அணைந்த பேட்டரி மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் கழித்தும் மறுபடி தீப்பிடிக்கலாம். அதனால் அப்படிப்பட்ட காரைப் பட்டறைக்குள் மற்ற கார்களோடு நெருக்கி நிறுத்தாமல் திறந்த வெளியில் தனியே வைக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் என்ன செய்வது

சார்ஜ் தீரும் முன் கார் பல முறை எச்சரித்து, கடைசியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எச்சரிக்கை வந்தவுடன் ஏர்கோனை அணைத்து, வேகத்தைக் குறைத்து, அடுத்த டோல் அல்லது ஓய்வுத் தளம் வரை போகப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அவசரத் தடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற எண்ணை அழைக்கலாம். ரோந்துப் படை உதவிக்கு வரும். கூப்பிடாமலேயே வந்து நிற்கும் டோவ் லாரிக்காரரிடம் சாவியைக் கொடுக்கக்கூடாது, கையெழுத்தும் போடக்கூடாது. எங்கே கொண்டுபோகிறார், எவ்வளவு கேட்பார் என்பது பிறகுதான் தெரியும். காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியில் முன்கூட்டியே சேமித்து வைப்பது நல்லது.

காப்புறுதியில் கேட்க வேண்டியவை

காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் முகவரிடம் இவற்றைக் கேட்க வேண்டும். டோவ் எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வெள்ளி வரை? தட்டை லாரி அதில் அடங்குமா? சார்ஜ் தீர்ந்து நின்றால் அது பழுது என்று ஏற்கப்படுமா? பட்டறைக்கு மட்டும்தானா, பக்கத்துச் சார்ஜருக்கும் கொண்டுபோவார்களா? வீட்டுச் சார்ஜருக்குப் பாதுகாப்பு உண்டா?

வெள்ளப் பாதுகாப்பு சாதாரண முழுக் காப்புறுதியில் தானாக அடங்காது. சிறப்பு அபாயங்கள் என்ற பிரிவைக் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய மின்சாரக் காரை, காய்ந்துவிட்டதே என்று இயக்கிப் பார்க்கவோ சார்ஜில் மாட்டவோ கூடாது. பேட்டரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். தட்டை லாரியில் ஏற்றி, நிறுவனத்தின் சேவை மையத்தில் சோதித்த பிறகே இயக்க வேண்டும்.

புறப்படும் முன்

இவை அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. காரின் கையேட்டில் டோவ் செய்யும் பக்கத்தைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் போதும். அதோடு அவசர எண்கள், இரண்டு சார்ஜிங் செயலிகள், பூட்டில் இழுக்கும் கொக்கியும் கையடக்க சார்ஜரும் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை. ஐந்து நிமிட வேலை.

அம்மாவுக்கும் முன்கூட்டியே ஒரு போன் செய்துவிடலாம். வெளிப் பிளக் நன்றாக இருக்கிறதா, எர்த் வயர் சரியா என்று ஊரில் தெரிந்த வயர்மேனைப் பார்க்கச் சொல்லலாம். காருக்காகச் செய்யும் அந்தச் சோதனை, பழைய வயரிங்கில் ஆண்டுக்கணக்கில் வாழும் பெரியவர்களுக்கும் பாதுகாப்பு. கார் ஊர் திரும்பிவிடும். அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள்.